சாட்சி சொன்னவரின் வீட்டுக்காரி

என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, "என் மனைவி எனக்காக முழங்கால் போட்டு, கண்ணீரோட ஜெபம் பண்ணாங்க" என்று சொல்லும்போதெல்லாம் சபையே திரும்பி என்னைப் பார்க்கும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் நான் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமெல்லாம் இல்லை. பல்லைக் கடிப்பது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

அவர் குடித்த வருஷங்களில் நான் செய்தது ஒரே ஜெபம். ஆண்டவரே, இந்த ஆளை எடுத்துக்கொள். சத்துணவுக் கூடத்தில் சாம்பாரைக் கிளறும்போதும் அதே ஜெபம், வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அதே ஜெபம். நான் பிறவிக் கிறிஸ்தவள். சின்ன வயதிலிருந்தே எது வேண்டுமானாலும் ஆண்டவரிடம் நேராகக் கேட்டுத்தான் பழக்கம். அதையும் அப்படித்தான் கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் குட்டியானை லோடு வண்டி. அறுவடைக் காலத்தில் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றி வருவார். அமாவாசை என்றால் மேல்மலையனூர் கோயிலுக்குப் பூவும் தேங்காயும் ஏற்றுவார். கை நிறைய வேலை இருந்தது. வேலை முடிந்ததும் வண்டி தானாகவே ஒயின்ஷாப் பக்கம் திரும்பும். பிறகு வேலை முடியும்வரைகூடப் பொறுக்க முடியாமல் ஆனது. காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் சாவியைத் துவாரத்தில் போட முடியும்.

ஒருமுறை என் புருவம் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்த கையோடு பாஸ்டரைப் பார்க்கப் போனேன். அப்போது என் வீட்டுக்காரர் சபைக்கு வருகிறவர் இல்லை. நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன். பாஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆம்பிளை வெளியே போய்க் குடிக்கிறான் என்றால் வீட்டில் சமாதானம் இல்லை என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது, நீ எதிர்த்துப் பேசாமல் கீழ்ப்படிந்து நட, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். தலைமேல் கை வைத்து ஜெபித்து அனுப்பினார். அவர் கை தையலில் பட்டு வலித்தது. அந்த வலியோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். மகளை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டது அந்த வாரம்தான்.

கடைசியில் என்ன நடந்தது என்றால், என் வீட்டுக்காரர் கமிட்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். கூட இருந்த டிரைவர்கள் அவர் வண்டியிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து ஆரன் அடித்தார்கள். மஞ்சள்தூள் கையோடு ஓடிப்போய் ஏறினேன். விழுப்புரம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கேட்டதை ஆண்டவர் இப்போது கொடுக்கப் போகிறார், எனக்கு அது வேண்டாம். வேண்டாம், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். வண்டி ஓட்டியவர் என்னவோ ஏதோ என்று நிறுத்தப் பார்த்தார்.

ரத்தம் நின்றது. ஆனால் மறுநாள் வேறு ஒன்று ஆரம்பித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். மழை வருகிறது, தார்ப்பாயைக் கட்டு, மூட்டை நனைகிறது என்று என்னைத் திட்டினார். உடம்பெல்லாம் வேர்வை. துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள், ஊசி போட்டார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். இவ்வளவு காலம் குடித்த உடம்பு. சாராயம் திடீரென்று நின்றால் தாங்காது. வலிப்பு வரும், உயிரே போகலாம். அதனால் மருந்து கொடுத்து, அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் குடியிலிருந்து மீட்க வேண்டும். வீட்டில் வைத்து நிறுத்துகிறேன் என்று மட்டும் யாரும் கிளம்பக் கூடாது என்றார். அப்போது இருந்த பயத்தில் ஒரு சொல் விடாமல் எனக்குள் இறங்கிவிட்டது.

அங்கிருந்து குடிநோய் வார்டுக்கு மாற்றினார்கள். மாத்திரை, சாப்பாடு, தூக்கம். குடியை விட்ட ஒரு தையல்காரர் திண்டிவனத்திலிருந்து வந்து நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவார். புத்தி சொல்ல மாட்டார். தான் எப்படி நாசமானேன் என்பதை, யாரோ ஒருவர் கதையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் முதல் தடவை அழுதது அவர் எதிரில்தான். என்னிடம் அழவில்லை. எனக்கு அதிலும் கோபம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவராகத்தான் சபைக்கு வருகிறேன் என்றார். சாயந்திரம் ஆனால் போவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, பாவம். பாட்டு அவருக்குப் பிடித்தது. எல்லோரும் கைகுலுக்கியது பிடித்தது. கொஞ்ச நாளில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அவருடைய விசுவாசம் பொய் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தவள் நான்.

முதல் தடவை சாட்சி சொன்னபோது உள்ளதை உள்ளபடி சொன்னார். ரத்தம், ஆஸ்பத்திரி, கையைக் கட்டியது, தையல்காரர் எல்லாம் வந்தது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதைச் சொன்னால் தேவ மகிமை மறைந்துவிடும் என்றாராம். அடுத்த தடவை ஆஸ்பத்திரி ஒரே வரியாகச் சுருங்கியது. அதற்கடுத்த தடவை அந்த வரியும் போய், டாக்டர்கள் கைவிட்டார்கள் என்று வந்தது. பிறகு பாஸ்டர் ஐயா தலைமேல் கை வைத்த அந்த நிமிஷமே குடியின் ஆவி ஓடிவிட்டது என்று வந்துவிட்டது. கை வைத்தார், நிஜம்தான். வார்டிலிருந்து ஆள் தேறி வந்து பல மாதங்கள் கழித்து வைத்தார்.

நான் வீட்டில் சண்டை போட்டேன். "இன்னாய்யா இப்படிப் புளுவுற?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எல்லாம் ஆண்டவர் செய்ததுதானே, எந்த வழியாகச் செய்தால் என்ன என்றார். பாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சிஸ்டர், சாட்சின்றது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்லம்மா" என்றார். எனக்கு மண்டை சூடேறியது. ஆனாலும் அந்த மனிதர் எவ்வளவு நிச்சயமாகப் பேசினார் என்றால், படியிறங்கும்போது நான்தான் ஏதோ அற்பமான விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அதற்குள் என் வீட்டுக்காரர் பெரிய ஆளாகிவிட்டார். திருவண்ணாமலைப் பக்கம், திண்டிவனம் பக்கம் என்று எங்கே கூட்டம் போட்டாலும் கூப்பிட்டார்கள். பிளக்ஸ் வைத்தார்கள். அதில் ஒரு பக்கம் அவர் கோட்டுப் போட்டு நிற்கிற படம். இன்னொரு பக்கம் எப்போதோ எவனோ செல்போனில் எடுத்த படம், வேட்டி அவிழ்ந்து சாக்கடை ஓரத்தில் கிடக்கிறார். செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது, அதற்குள் எங்களோடு வந்துவிட்டிருந்த என் மகள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அந்தச் சாக்கடையிலிருந்து அவரைத் தூக்கி வந்தவள்.

ஆண்டவர் உங்களுக்கு இவ்வளவு செய்திருக்கிறார், நீங்கள் சபைக்குத் திருப்பிச் செய்ய வேண்டாமா என்று கேட்பார்கள். செய்தோம். அவர் வண்டியில் நாற்காலியும் பந்தலும் ஏற்றி இறக்கினார். சபையில் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிற ஒவ்வொரு அன்பின் விருந்துக்கும் நான் அடுப்பு மூட்டினேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். சபைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இன்னும் நாலைந்து பெண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டு பேசுவது, எனக்கு ஆராதனையைவிடப் பெரிய ஆறுதல். ஆனால் திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு என்று கேட்கும்போது மனசுக்குள் நானும் திருப்பிக் கேட்பேன். உங்களில் யார் எனக்கு என்ன கொடுத்தீர்கள்? நான் தையலோடு வந்தபோது என்ன கொடுத்தீர்கள்?

அப்படி ஒரு விருந்து நாளில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பனமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, புருஷனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். கரும்பு வெட்டுகிறவர். அவருடைய கை நடுக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் கேட்டுக் கொட்டகைக்கு வந்தவள், உள்ளே சாட்சி சொல்கிறவர் உங்கள் வீட்டுக்காரர்தானாமே என்று என்னிடம் கேட்டாள். அவளை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம், நீயும் போ, வீட்டில் வைத்து நிறுத்தாதே, உயிருக்கு ஆபத்து என்றேன். எந்த வார்டு, எங்கே கேட்கவேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கரியும் எண்ணெயுமாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மைக்கில், மாத்திரை இல்லை, மருந்து இல்லை, விசுவாசம் மட்டும்தான் என்று என் வீட்டுக்காரர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே அந்த மனிதர் செத்துப்போனார். ஒரு சொட்டுக்கூடக் கூடாது, மாத்திரையும் வேண்டாம், உபவாசம் இருங்கள் என்று சபையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே இருந்திருக்கிறார், பாவம், மனசார முயற்சி செய்திருக்கிறார். வலிப்பு வந்திருக்கிறது. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

எனக்கு இந்தச் செய்தி கொட்டகையில் வைத்துத்தான் வந்தது. பாஸ்டரின் மனைவி வந்து, கறிக்கு இஞ்சி போதுமா என்று கேட்டுவிட்டு, அதோடு சேர்த்துச் சொன்னார். அந்தப் பனமலைப் பக்கத்து அண்ணன் கர்த்தருக்குள் போய்விட்டாராம், விசுவாசத்தில் கொஞ்சம் குறைச்சல் இருந்திருக்கிறது, தேவ சித்தம் என்றார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். கை கழுவவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சுவர் கொதித்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்ல வாஞ்சையுள்ளவர்கள் முன்னால் வரலாம் என்று பாஸ்டர் வழக்கம்போல் அழைத்தார். எழுந்து போனேன். பாஸ்டர் முகம் மலர்ந்து மைக்கைக் கொடுத்தார். சாட்சிக்காரரின் மனைவியும் வாய் திறக்கப்போகிறாள் என்று சபை ஸ்தோத்திரம் சொன்னது.

"எங்க வீட்டுக்காரரைக் குடியிலேர்ந்து தூக்குனது ஆண்டவர்தான். அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா பெரியாஸ்பத்திரி வழியாத்தான் தூக்குனாரு. ஊசி போட்டு, மாத்திரை குடுத்து, கட்டில்ல கைய கட்டித் தூக்குனாரு. அத்த இந்த மைக்குல யாரும் சொல்றதில்ல. ரொம்ப நாளு குடிச்சவங்க திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும், உசிரு போவும். டாக்டர் எங்கிட்ட சொன்னது. நம்ம பேச்சக் கேட்டு ஒருத்தர் போயிட்டாரு. அவருக்கு விசுவாசம் குறைச்சல்னு யாரும் சொல்லாதீங்க. உங்க வீட்ல குடிக்கிறவங்க இருந்தா ஜெபமும் பண்ணுங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட்டினு போங்க."

அதற்குமேல் என் குரல் யாருக்கும் கேட்டிருக்காது. பாஸ்டர் கீபோர்டு பக்கம் கையைக் காட்டினார், பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து கைதட்டிப் பாடினார்கள். மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் பிரசங்க மேடையிலேயே வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் வைத்தே பேச்சு ஆரம்பமானது. புருஷன் மானத்தைச் சபையில் வாங்கினாள் என்றார்கள். சபை மூப்பர் ஒருவர் என்னை நிறுத்தி, "அவரு திரும்பக் குடிச்சா அந்தப் பாவம் உன் தலைமேலதாம்மா" என்றார். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, செருப்பைக்கூட மாட்டாமல் நடந்து வந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு இருந்த பயமும் அதேதான். அந்த ஆள் அதை வெளியே எடுத்துப்போட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போவார், சாயந்திரம் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய், பழைய நாட்களில் செய்ததுபோல் அவர் நடையைப் பார்த்தேன். வாயை மோந்து பார்க்கும் தூரத்தில் போய் நின்றேன். அதை அவர் கவனித்துவிட்டார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் குடிக்கறதா இருந்தா உன்னால குடிக்கமாட்டேன்மே. என்னாலதான் குடிப்பேன். அந்த மூப்பரு சொன்னத மண்டையில ஏத்தாத." பிறகு, "அந்தப் பனமலை ஆளு கை எப்படி நடுங்குச்சின்னு மேடையிலேர்ந்தே பாத்தேன். பாத்துக்கினேதான் சொன்னேன், மாத்திரை வேணான்னு" என்றார்.

அவரைத் தேற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆமாம், பார்த்துக்கொண்டேதான் சொன்னாய் என்றேன்.

இருவரும் பனமலைப் பக்கம் அந்தப் பெண் வீட்டுக்குப் போனோம். அவள் வெளியே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நின்றபடியே, நான் சொன்னது பொய், ஆஸ்பத்திரியில்தான் எனக்குச் சரியானது என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் கேட்டாள்: "நீ ஒண்ணு சொன்ன, உங்க வீட்டுக்காரரு ஒண்ணு சொன்னாரு. நான் யாரத்தான் நம்பறது?" திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். அழுகை அவ்வளவும் கோபம்தான்.

அதற்குப் பிறகு ஒரு வெளியூர்க் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார், மாத்திரை பெயர் உட்பட. அதோடு கூப்பிடுவது நின்றது. பிளக்ஸும் நின்றது.

சனிக்கிழமை சாயந்திரம் அந்தத் தகரக் கொட்டகையில் குடிக்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்து பேச அனுமதி வேண்டும் என்று பாஸ்டரிடம் கேட்டோம். குடிகாரர்கள் நாற்றம் தேவனுடைய வீட்டுக்கு ஆகாது என்று மறுத்தார். என் வீட்டுக்காரர் விட்டுவிடலாம் என்றார். விடாதவர்கள் வேறு ஆட்கள். என்னோடு வெங்காயம் உரிக்கிற பெண்கள், அதுவரை இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்கள், சபை ஆண்டு விழா நெருங்கும்போது, கொட்டகையைத் தராவிட்டால் அடுப்பு மூட்ட மாட்டோம் என்று பாஸ்டரின் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒருத்திக்கு மகன் குடிக்கிறான். ஒருத்திக்கு மருமகன். மூப்பர் ஒருவரின் வீட்டம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் வெந்தும் ஒருத்தி கதை ஒருத்திக்குத் தெரியாது. பாஸ்டர் ஒரு நாள் யோசித்தார். சாப்பாடு இல்லாமல் ஆண்டு விழா நடத்த முடியாது. சாவி வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் கொட்டகையில் பாய் விரிக்கிறோம். தையல்காரர் திண்டிவனத்திலிருந்து வருகிறார். கை நடுங்குகிறவர் யார் வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் நேராக வண்டியில் ஏற்றி விழுப்புரம் கொண்டுபோகிறார். நான் டீ போடுகிறேன். கடைசியில் நாங்கள் ஜெபம் பண்ணுவதும் உண்டு. சிலர் திரும்பக் குடிக்கிறார்கள். திரும்பவும் வருகிறார்கள்.

போன அறுவடை சமயத்தில் அந்தப் பனமலைப் பெண் வந்தாள். தம்பியை அழைத்து வந்திருந்தாள். அவனுக்கும் அதே நடுக்கம். என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. ஜெபம்னு யாராவது வாயெடுத்தா எறங்கிடுவேன்" என்று மட்டும் சொன்னாள். யாரும் வாயெடுக்கவில்லை. தம்பி முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவளும் நானும் பின்னால், மூட்டை போடும் இடத்தில், தார்ப்பாயை மடித்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். வழி முழுவதும் அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தத் தம்பி தேறி வந்த பிறகு, பாஸ்டர் கொட்டகை வாசலில் வந்து நின்று, இந்த வருஷ ஆண்டு விழாவில் அவன் ஒரு சாட்சி சொன்னால் சபைக்கு ஆசீர்வாதமாக இருக்கும் என்றார். எனக்கு மறுபடியும் மண்டை சூடேறியது. நான் வாயைத் திறப்பதற்குள், பாயில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். பாஸ்டரை நேருக்கு நேர் பார்த்தாள். "எந்தம்பி பேசமாட்டான். வேணும்னா நான் பேசறேன், மைக்கக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாத்திரத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.